தோற்றவர் மீளும் அரங்கு: தொலைக்காட்சிப் போட்டிகளில் மீள்வருகை பற்றிய ஒரு நோக்கு

1

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பும் போட்டி நிகழ்ச்சிகள் ஈழத்துத் தமிழ் மக்களின் அன்றாடப் பண்பாட்டு நுகர்விலே பெற்றுள்ள இடத்தை நமது விமர்சன உலகு இன்னும் முறையாக எடைபோடவில்லை. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், இரவு வேளையில் ஒரு தெருவினூடாக நடந்து செல்பவர் ஒரே நிகழ்ச்சியின் ஒலியைப் பல வீடுகளிலிருந்தும் கேட்டுச் செல்லலாம். கூத்துக் களரி பற்றியும் கண்ணகி வழிபாடு பற்றியும் நாம் எழுதியவை பல. அக்களரியில் ஆடியோரின் பேரப்பிள்ளைகள் இன்று எதனைப் பார்க்கின்றனர், எதற்காகப் பார்க்கின்றனர் என்பது பற்றி எழுதியவை மிகச் சில.

இத்தகைய நிகழ்ச்சிகள் பற்றி நம்மிடையே இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. இவை மலினமானவை, ஆராயத் தகாதவை என ஒதுக்குவது ஒன்று. மக்கள் விரும்புவதால் இவை மக்கள் கலையே என ஏற்றுக்கொள்வது மற்றொன்று. முதலாவது பண்டித மனப்பாங்கின் எச்சம். இரண்டாவது சந்தையின் வாதத்தை மக்களின் வாதமாக மயங்கிக் கொள்வது. இரண்டுமே விமர்சகனை உழைப்பிலிருந்து விடுவித்து விடுகின்றன. ஜனரஞ்சக இலக்கியத்தைச் சமூகவியல் அடிப்படையில் நோக்கலாம் எனப் பேராசிரியர் க. கைலாசபதியும், சினிமாவை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராயலாம் எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் காட்டிச் சென்ற பின்னரும் நாம் இவ்விரு மனப்பாங்குகளுள் ஒன்றிலேயே தங்கிவிடுவது பொருத்தமன்று.

எனவே இக்கட்டுரையில் இந்நிகழ்ச்சிகளின் ஒரேயொரு கூற்றை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றோம். முன்னர் போட்டியிட்டு, தோற்று அல்லது வெளியேற்றப்பட்டுப் போனவர் மீண்டும் அதே அரங்கிலே போட்டியாளராக வந்து நிற்றல் அக்கூற்றாகும். இதனை மீள்வருகை எனக் குறிப்பிடுவோம். எடுத்துக்காட்டாகக் கொள்வது, முன்னைய போட்டியாளரையே கொண்டு 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'பிக் பொஸ் அல்ரிமேற்' நிகழ்ச்சியாகும். அதனை வெளியே நின்று வேவு பார்த்தவர்களாக அன்றி, அதன் ரசிகர்களுள் ஒருவராகவும் இருந்தே எழுதுகின்றோம். ரசிப்பும் விமர்சனமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. நம்மை ஈர்க்காத ஒன்று ஏன் பிறரை ஈர்க்கின்றது என ஆராய்வதிலும், நம்மையும் ஈர்ப்பது ஏன் ஈர்க்கின்றது என ஆராய்வது பயன் மிக்கது.

2

இந்நிகழ்ச்சியின் மூல வடிவம் நெதர்லாந்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஜோன் டி மொல் என்பாரின் எண்டமொல் நிறுவனம் உருவாக்கிய 'பிக் பிரதர்', பின்னர் நாடு நாடாக உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது. இந்தியாவில் இந்தி மொழியில் 2006ஆம் ஆண்டும், தமிழில் விஜய் தொலைக்காட்சி மூலம் 2017 யூன் மாதத்திலும் அது தொடங்கியது. தமிழில் அதனை முதலிற் தொகுத்து வழங்கியவர் நடிகர் கமல்ஹாசன். மூலப் பெயர் ஜோர்ஜ் ஓர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலின் 'பெரிய அண்ணன்' என்ற கண்காணிப்பு உருவத்திலிருந்து வந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. அச்சத்தின் குறியீடாகப் படைக்கப்பட்ட ஒன்று அரை நூற்றாண்டிலே பொழுதுபோக்கின் பெயராயிற்று.

வடிவத்தின் அடிப்படை எளிமையானது. வெளியுலகத் தொடர்பு துண்டிக்கப்பட்ட ஒரு வீட்டினுள் சிலர் அடைக்கப்படுகின்றனர். கமராக்கள் இரவும் பகலும் அவர்களைப் பதிவு செய்கின்றன. வெளியேற்றப்பட வேண்டியோரின் பெயர்களை வாரந்தோறும் போட்டியாளரே முன்மொழிகின்றனர். அவருள் எஞ்சுபவர் யார் என்பதைப் பார்வையாளரின் வாக்கு தீர்மானிக்கின்றது. இவ்வடிவத்தின் உயிர்நாடி வெளியேற்றமே. ஒவ்வொரு வாரமும் ஒருவர் இல்லாமற் போவதனாலேதான் கதை முன்னே நகர்கின்றது.

ஆயின் வெளியேற்றத்தை உயிர்நாடியாகக் கொண்ட இதே வடிவம், வெளியேற்றியவரை மீண்டும் அழைத்து வருவதிலும் பெருவிருப்பங் காட்டுகின்றது. தமிழ் நிகழ்ச்சியில் மீள்வருகை மூன்று நிலைகளில் வளர்ந்ததாகக் கொள்ளலாம். முதலாம் பருவத்தில் வெளியேறிய ஆர்த்தியும் யூலியானாவும் பின்னர் சில நாட்களுக்கு வீட்டினுள் வந்து சென்றனர். இது விருந்தினராக மீளுதல். 2019இல் மூன்றாம் பருவத்தில் வெளியேற்றப்பட்ட வனிதா விஜயகுமார் அதே பருவத்தில் மீண்டும் போட்டியாளராக நுழைந்தார். இது 'வைல்ட் காட்' எனப்படும் வழியால் மீளுதல். 2022 சனவரி 30ஆம் திகதி தொடங்கிய 'அல்ரிமேற்' மீள்வருகையையே முழு நிகழ்ச்சியாக்கிற்று. தொடக்கத்தில் வீட்டினுள் நுழைந்த பதினால்வரும் முன்னைய ஐந்து பருவங்களிற் பங்குபற்றியோரே. டிஸ்னி பிளஸ் ஹொட்ஸ்ரார் இணையத் தளத்தில் இருபத்துநான்கு மணிநேரமும் காட்டப்பெற்ற இந்நிகழ்ச்சி எழுபது நாட்கள் நடைபெற்றது. மேலைநாட்டிலும் வளர்ச்சி இவ்வாறே அமைந்தது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'சர்வைவர்' 2004இலும், அந்நாட்டுப் 'பிக் பிரதர்' 2006இலும் முன்னைய போட்டியாளரை மாத்திரம் கொண்ட பருவங்களை நடத்தின.

3

மீள்வருகைக்கான காரணத்தைத் தயாரிப்பாளரின் கற்பனை வறட்சியிலே தேடுவது போதாது. அதன் பொருளாதாரத்தை முதலில் நோக்குவோம்.

புதிய போட்டியாளர் ஒருவர் வீட்டினுள் நுழையும்போது பார்வையாளர் அவரை அறியார். அவர் ஒரு 'பாத்திரமாக' உருப்பெறச் சில வாரங்களாயினும் செல்லும். அவ்வுருவாக்கத்தைச் செய்வோர் யார்? போட்டியாளர் தமது உடலையும் கோபத்தையும் கண்ணீரையும் கொடுக்கின்றார். கமராவுக்குப் பின்னாலுள்ள தொழிலாளரும் படத்தொகுப்பாளரும் நாள் முழுவதற்குமான பதிவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரத்தைத் தெரிந்தெடுக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் கூலியுண்டு. மூன்றாவது சாரார் பார்வையாளர். அவர்களே அத்தெரிவுகளை ஒன்றிணைத்து, இவர் பொய்யர், இவர் நேர்மையானவர், இவர் சூழ்ச்சிக்காரர் என ஓர் ஆளுமையைக் கட்டுகின்றனர், சந்தியில் நின்று வாதிடுகின்றனர், வாக்களிக்கின்றனர், பழைய காட்சிகளை மீண்டும் மீண்டும் பகிர்கின்றனர். இவ்வுழைப்புக்குக் கூலியில்லை.

கனடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் உற்பத்தி செய்யும் பிரதான பண்டம் நிகழ்ச்சியன்று, விளம்பரதாரருக்கு விற்கப்படும் பார்வையாளரே என்று வாதிட்டார். மேற்கத்திய மார்க்சியம் அதுவரை சித்தாந்தத்தைப் பற்றி மாத்திரம் பேசி, இப்பொருளாதார உண்மையைக் காணத் தவறியது என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் கருத்து முற்றிலும் ஏற்கத்தக்கதா என்பது வேறு விடயம். ஆயினும் மீள்வருகையை விளங்குவதற்கு அது திறவுகோலாகின்றது. மீண்டு வரும் போட்டியாளர் வெறும் ஆளாக வரவில்லை. முன்னைய பருவத்தில் பல இலட்சம் பார்வையாளர் செலுத்திய கவனம் அவர்மேல் உறைந்திருக்கின்றது. அவ்வுறைந்த உழைப்பை நிறுவனம் மறுமுறை செலவின்றிப் பயன்படுத்துகின்றது. முதல் நாளிலேயே பகையும் நட்பும் ஆயத்தமாகவுள்ளன. நினைவூட்டப் பழைய காட்சிகள் களஞ்சியத்தில் உள்ளன. அக்களஞ்சியத்தின் உரிமை போட்டியாளரிடமும் இல்லை, பார்வையாளரிடமும் இல்லை.

இவ்விடத்து ஓர் உண்மை கூர்ந்து நோக்கத்தக்கது. 'அல்ரிமேற்' தொடக்கத்தில் நுழைந்த பதினால்வருள் முன்னைய பருவங்களில் வெற்றிக் கிண்ணம் பெற்ற எவரும் இருக்கவில்லை. ஆரவ், ரித்விகா, முகேன், ஆரி, ராஜு ஆகிய ஐவரும் வரவில்லை. வந்தவர்கள் தோற்றவர்கள். முதலாம் பருவத்தில் இரண்டாம் இடம் பெற்ற பாடலாசிரியர் சினேகன் அவருள் ஒருவர். நான்காம் பருவத்தில் இரண்டாம் இடம் பெற்ற பாலாஜி முருகதாஸ் இன்னொருவர். 2022 ஏப்பிரலில் கிண்ணம் பெற்றவரும் அவரே. ஐவர் வராமைக்குத் தனிப்பட்ட காரணங்கள் பல இருக்கலாம். ஆயின் வடிவத்தின் நோக்கில் இதற்கொரு தருக்கமுண்டு. வென்றவரின் கதை முடிந்த கதை. பார்வையாளரின் ஆசை அங்கு நிறைவெய்தி அடங்கிவிட்டது. தோற்றவரிடத்திலோ அவ்வாசை நிறைவெய்தாது எஞ்சி நிற்கின்றது. அவ்வெச்சமே மறுபருவத்தின் மூலதனம். தோல்வியும் விற்பனைக்குரியதாகும் நிலையை இங்கு காண்கின்றோம்.

இம்மூலதனத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுக்க மறுத்தவரும் உளர். முதலாம் பருவத்திற் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த நடிகை ஓவியா 2017 ஓகஸ்ட் மாதம் இடைநடுவே வெளியேறினார். அவர் மீண்டும் வரவேண்டுமெனப் பெருந்தொகையான ரசிகர் வேண்டினர். அவர் அப்பருவத்திற் போட்டியாளராக மீளவில்லை. ரசிகர் அன்பு, நிறுவனத்தின் தேவை ஆகிய இரண்டும் ஒரே திசையில் இழுத்தபோதும் ஒரு மனிதப் பிறவி 'இல்லை' எனச் சொல்ல முடிந்தது. மீள்வருகையை ஆராய்வோர் மீளாமையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

4

பொருளாதாரம் மாத்திரம் கலைவடிவத்தை விளக்கி முடிப்பதில்லை. மீண்டு வந்த இருவரைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலாமவர் யூலியானா. 2017 சனவரியில் சென்னை மெரீனாக் கடற்கரையிலும் தமிழ்நாட்டின் பல நகரங்களிலும் ஏறுதழுவல் தடைக்கு எதிராகப் பெருந்திரளான இளைஞரும் மாணவரும் திரண்டனர். தலைவர் எவரையும் முன்னிறுத்தாமை அவ்வெழுச்சியின் சிறப்பு. அதில் முழக்கமிட்ட முகங்களுள் ஒன்றாகத் தொலைக்காட்சிகளிற் காணப்பட்டவர், தாதியாகத் தொழில் புரிந்த இவ்விளம் பெண். ஐந்து மாதங்களின் பின்னர் திரையுலகினர் நிறைந்த வீட்டினுள் சாதாரண மக்களின் பிரதிநிதியாக அவர் நுழைந்தார். சில வாரங்களுள் பெரும் ஏளனத்துக்கு உள்ளாகி வெளியேற்றப்பட்டார்.

இங்கு நிகழ்ந்தது யாது? முதலில், ஓர் எழுச்சி தனியொரு முகமாகச் சுருக்கப்பட்டது. அடுத்து, அம்முகம் எழுச்சியின் கோரிக்கைகளிலிருந்து பிரிக்கப்பட்டு, வீட்டினுள் ஒருவர் இன்னொருவரிடம் உண்மை பேசினாரா இல்லையா என்ற விசாரணைக்கு உட்படுத்தப்பட்டது. இறுதியில், இலட்சக்கணக்கானோர் அதற்குத் தீர்ப்பு வழங்கினர். கூட்டாகத் திரண்டவர்கள் தனித்தனி வாக்காளராயினர். அரசை நோக்கி எழுந்த குரல் தாதியொருத்தியை நோக்கித் திரும்பிற்று. இதனைத் திட்டமிட்ட சதியென நாம் கூறவில்லை, சதி தேவைப்படவில்லை. வடிவத்தின் இயல்பே அரசியலைக் குணவியல்பாக மாற்றுவதுதான். சமூக முரண்பாடு எதுவாயினும் இவ்வீட்டு வாசலைத் தாண்டியதும் தனிமனிதக் குணக்குறையாகிவிடுகின்றது.

2022இல் அவர் மீண்டு வந்தபோது ஐந்தாண்டுகள் சென்றிருந்தன. மீண்டு வருபவருக்கு இவ்வடிவம் இரண்டு வழிகளையே திறந்து வைக்கின்றது. பழைய பாத்திரத்தையே மறுபடி நடித்தல் ஒன்று; தாம் மாறிவிட்டதாக மெய்ப்பித்துப் பாவங் கழுவுதல் மற்றொன்று. அவருக்கு ஒதுக்கப்பட்டது இரண்டாவது. முதல் முறை அவரை வெறுத்த பார்வையாளருட் பலர் இம்முறை அவருக்காகப் பரிந்து பேசினர். இம்மாற்றம் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், கழுவப்பட வேண்டிய பாவம் எது, அதனை நிர்ணயித்தவர் யார் என்ற வினா அரங்கில் எழவேயில்லை. மன்னிப்பு வழங்கும் பீடத்தில் அமர்ந்த பார்வையாளர், முதல் விசாரணையின் நியாயத்தைத் தாமே மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பைப் பெறவில்லை.

இரண்டாமவர் தாமரைச்செல்வி. தமிழ்நாட்டுக் கிராமத் திருவிழா மேடைகளில் நாடகம் ஆடி வந்தவர். 2021ஆம் ஆண்டு ஐந்தாம் பருவத்தில் நுழைந்தார். கொள்ளை நோயினால் திருவிழாக்கள் தடைப்பட்டு, மேடைக் கலைஞரின் வருவாய் அறுந்திருந்த காலம் அது. அப்பருவம் 2022 சனவரி 16இல் நிறைவெய்தியது; இரண்டு வாரங்களின் பின்னர் 'அல்ரிமேற்' வீட்டினுள் அவர் மீண்டும் நின்றார். அவரது மீள்வருகை இடைவெளியற்றது. ஆறுதல் கொள்ளவும் அவகாசமில்லாதது. அவரிடம் நாம் கண்டு மகிழ்ந்த வெள்ளந்தித் தன்மை, உரத்த குரல், உடனடியான அழுகையும் சிரிப்பும் ஆகியன கிராம மேடை பயிற்றுவித்த கலைத்திறனோடு பிணைந்தவை. நிகழ்ச்சியோ அவற்றைக் கலைத்திறனாக அன்றி, படிப்பறியாக் கிராமத்தாளின் இயற்கைக் குணமாகவே காட்டிற்று. பயிற்சி மறைக்கப்பட்டு இயல்பு விற்கப்பட்டது. கலைஞர் ஒருவர் தம் கலையைக் கைவிட்டுத் தம்மையே காட்சிப்பொருளாக்கும்போது வருவாய் கூடுகின்றது என்பது இக்காலப் பண்பாட்டுச் சந்தையின் கசப்பான உண்மை.

5

இவ்விடத்து மட்டக்களப்பின் மரபுவழி அரங்குகளோடு ஓர் ஒப்பீடு செய்தல் பயனுடைத்து. பழம்பெருமை பேசுதல் நமது நோக்கமன்று. போட்டிக்கும் மீள்வருகைக்கும் உள்ள தொடர்பு வேறு உற்பத்தி உறவுகளின் கீழ் வேறாக அமைந்திருந்தது என்பதைக் காட்டுவதே நோக்கம்.

கண்ணகி வழிபாட்டோடு இணைந்து இப்பிரதேசத்தில் நடைபெற்று வந்த கொம்புமுறி ஒரு போட்டி. ஊர் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாகப் பிரியும். கோவலன் கட்சி ஒன்று, கண்ணகி கட்சி மற்றொன்று. வளைந்த வைரமான இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுப்பர். எப்பக்கத்துக் கொம்பு முறிகின்றதோ அப்பக்கம் தோற்றது. வென்றோர் ஆர்ப்பரிப்பர்; தோற்றோரை வசைபாடுவர். வித்துவான் வி. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டு வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இவ்விளையாட்டை விரிவாகப் பதிவு செய்துள்ளது. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாட்டோடு நிகழும் 'அங்கெலிய' இதன் உடன்பிறப்பு. இத்தெய்வ வழிபாடு பற்றிக் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் இவ்வுறவை ஆராய்ந்துள்ளது.

தொலைக்காட்சிப் போட்டியோடு இதனை ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு தெளிவாகத் துலங்குகின்றது. கொம்புமுறியில் தோற்ற கட்சி எங்கும் போவதில்லை. மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் தெய்வத்தைக் குளிர்விக்கச் செய்யப்படும் சடங்கில் இரு கட்சியும் இன்றியமையாதவை. தோற்றவர் இல்லையேல் மறுமுறை கொம்பு கொளுவ ஆளில்லை. ஆகவே மீள்வருகை அங்கு சலுகையன்று, இரண்டாவது வாய்ப்பன்று; போட்டியின் முன்நிபந்தனை. வசை கேட்டவரும் வசை பாடியவரும் மறுநாள் ஒரே வயலில் இறங்க வேண்டியவர்கள். தொலைக்காட்சிப் போட்டியிலோ மீள்வருகைக்கு முன்நிபந்தனை வெளியேற்றம். முதலில் ஒருவரை இல்லாமற் செய்து, அவ்வில்லாமையை ஏக்கமாக வளர்த்து, பின்னர் அவ்வேக்கத்துக்கு அவரையே மருந்தாக விற்கின்றது அது.

கூத்து இன்னொரு வகை மீள்வருகையைக் காட்டுகின்றது. வட்டக்களரியிலே கர்ணன் விடியற் பொழுதில் மாள்கின்றான். அடுத்த முறை கூத்துப் போடும்போது மீண்டும் கொலு வருகின்றான். மீள்வது பாத்திரம், ஆடுபவர் மாறலாம். சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிப்படியாக அண்ணாவியார் பயிற்றிய ஆட்டத்தின் சிறப்பைத்தான் ஊர் பார்க்கின்றது. முடிவு எல்லோருக்கும் தெரியும். களரியை விட்டிறங்கிய கர்ணன் மறுநாள் உழவனாகவோ மீனவனாகவோ தன் பெயரோடு வாழ்கின்றான். பாத்திரத்துக்கும் ஆளுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளி ஆடுவோனுக்கு ஒரு பாதுகாப்பு. தொலைக்காட்சிப் போட்டியாளருக்கு அப்பாதுகாப்பு இல்லை. அவர் களைந்து வைக்கக்கூடிய உடுப்பும் முடியும் அவருக்கு அளிக்கப்படவில்லை. பாத்திரம் அவர் தோலோடு ஒட்டிவிடுகின்றது. கடைத்தெருவிலும் அதுவே அவரை எதிர்கொள்கின்றது.

ஆயினும் மரபரங்கை நாம் இலட்சியமாக்கல் ஆகாது. கொம்புமுறியில் எக்கட்சி என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. விரும்பிச் சேரவோ விலகவோ இடமில்லை. களரியில் யார் அரசன், யார் ஏவலாள் என்பதில் குரலும் உடலும் மட்டுமன்றிச் சாதியும் குடியும் செல்வமும் செல்வாக்குச் செலுத்தின. பெண் பாத்திரத்தை ஆணே ஆடினான், பெண்கள் பார்வையாளராயினர். பறை முழக்கியவரின்றிச் சடங்கில்லை, ஆயின் அவருக்குச் சம இடமுமில்லை. அங்கு தோற்றவர் வெளியேற்றப்படவில்லை என்பது உண்மை. ஆனால் சிலர் உள்ளே அனுமதிக்கப்படவேயில்லை என்பதும் உண்மை. தாதியும் நாடகக்காரியும் நடிகரோடு சரிசமமாக ஒரே மேசையிலிருந்து உண்பதாகக் காட்டும் தொலைக்காட்சி வீடு, இவ்வகையில் நமது களரியை விட முன்னேறியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. சந்தை பழைய பிறப்புரிமைகளை ஓரளவு உடைக்கின்றது. உடைத்த இடத்தில் தன் அளவுகோலை நாட்டுகின்றது. இவ்விரட்டைத் தன்மையை மறந்து சந்தையை வைவதும் மரபைப் போற்றுவதும் மார்க்சிய நோக்காகா.

மரபினுள்ளிருந்தே மாற்றம் எழவியலும் என்பதற்கும் இப்பிரதேசமே சான்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்கேற்பச் சுருக்கிச் செம்மைப்படுத்தினார். 1964இல் அரங்கேறிய 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. பல்லாண்டுகள் கழித்து அவரே மட்டக்களப்பில் அந்நாடகத்தை நெறியாள்கை செய்து புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். இதுவும் மீள்வருகையே. ஆயின் மீண்டு வந்தவர் தம் பழைய முகத்தை விற்க வரவில்லை. தாம் ஆடிய பாத்திரத்தை இன்னொருவரிடம் கையளிக்க வந்தார். சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் ஊர் மக்களோடு சேர்ந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கமோ, கூத்துப் பனுவலில் உறைந்திருந்த சாதி, பால் ஏற்றத்தாழ்வுகளை ஆடுவோரே விவாதித்து மாற்றும் முயற்சியாக அமைந்தது. மீளுதல் என்பது திருத்தியமைத்தலாகவும் இருக்கலாம் என்பதை இவை காட்டுகின்றன.

6

இனி நமது பார்வையாளரிடம் வருவோம். தமிழ்நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்படும் நிகழ்ச்சியொன்றில் ஒருவர் மீண்டு வருவது வாவிக்கரையிலிருந்து பார்ப்போரின் நெஞ்சைத் தொடுவது ஏன்?

2019ஆம் ஆண்டு மூன்றாம் பருவத்தில் இலங்கையைச் சேர்ந்த லொஸ்லியா, தர்ஷன் ஆகிய இருவர் பங்குபற்றினர். இலங்கைத் தொலைக்காட்சியொன்றில் செய்தி வாசிப்பாளராக இருந்தவர் லொஸ்லியா. அப்பருவத்தில் ஒரு நாள், கனடாவில் வாழ்ந்து வந்த அவரது தந்தை, மகளைப் பல ஆண்டுகளாகக் காணாதிருந்த பின்னர், அவ்வீட்டினுள் நுழைந்தார். ஈழத்துத் தமிழ்ப் பார்வையாளருட் கண்கலங்காதோர் சிலரே. நிகழ்ச்சி அதனை ஒரு குடும்பத்தின் நெகிழ்ச்சியாக மாத்திரம் காட்டிற்று. தந்தையர் ஏன் கனடாவிலும், தாயர் ஏன் மத்திய கிழக்கிலும், பிள்ளைகள் ஏன் பாட்டியர் வீட்டிலும் வாழ நேர்ந்தது என்ற வரலாறு அங்கு பேசப்படவில்லை. ஆயின் பார்த்தவர்கள் அவ்வரலாற்றை அறிந்தவர்கள். திரை சொல்லாது விட்டதைத் தத்தம் வீட்டிலிருந்து அவர்கள் நிரப்பிக்கொண்டனர்.

மீள்வருகை என்ற சொல் இப்பிரதேசத்திலே சாதாரணச் சொல்லன்று. 1990 செப்ரெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேர் படையினராற் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டு சென்றவர்களும் வரவில்லை. 2006ஆம், 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் திரும்பி வந்தபோது வீடும் வயலும் பழையபடி இருக்கவில்லை. இந்நிலத்தில் காத்திருத்தலே வாழ்வாகிப் போன தாய்மார் இன்றும் உளர்.

இத்துயரையும் ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சியையும் சமப்படுத்துதல் நமது கருத்தன்று. அவ்வாறு செய்வது அநியாயம். நாம் கூறுவது வேறு. தோற்றவருக்கு மறுமுறை வாய்ப்பு வேண்டும், தவறாகத் தீர்க்கப்பட்ட வழக்கு மறுபடி விசாரிக்கப்படவேண்டும், வெளியே தள்ளப்பட்டவர் உள்ளே வரவேண்டும் என்ற ரசிகரின் விருப்பம் போலியானதன்று. அதன் வேர் வாழ்விலே உள்ளது. வைகாசி மாதந்தோறும் கண்ணகி வழக்குரை பாடப்பெறும் கோயில்களைக் கொண்ட ஒரு பிரதேசத்துக்கு, தவறான தீர்ப்புக்கு எதிரான முறையீடு புதிதன்று. உண்மையான அவ்வேட்கைக்குத் தொலைக்காட்சி அளிக்கும் நிறைவுதான் போலியானது. வாழ்வில் எந்த நீதிமன்றமும் மறுவிசாரணைக்கு எடுக்காத வழக்குகளின் ஏக்கம், சென்னையில் கட்டப்பட்ட ஒரு வீட்டின் கதவு திறக்கும்போது ஒரு கணம் தணிகின்றது. கதவு மூடியதும் விளம்பரம் தொடங்குகின்றது.

இதனை ரசிகரின் அறியாமை எனக் கூறி நகர்தல் எளிது. பண்பாட்டுத் தொழிற்றுறை மக்களை ஏமாற்றுகின்றது என்று அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் எழுதியதில் உண்மையுண்டு. ஆயின் ஏமாற்றுவதற்கும் ஓர் உண்மையான ஆசை தேவை. அவ்வாசையைக் கண்டுகொள்ளாத விமர்சனம் மக்களிடமிருந்து தன்னைத் தானே வெளியேற்றிக்கொள்கின்றது.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

தொலைக்காட்சிப் போட்டியில் மீள்வருகை என்பது பார்வையாளரின் கூலியற்ற உழைப்பால் உருவான பாத்திரத்தை நிறுவனம் மறுபடி விற்பனை செய்யும் முறை. அது வெளியேற்றத்துக்கு எதிரானதன்று, வெளியேற்றத்தின் மறுபாதி. மீண்டு வருபவர் தம்மை மாற்றிக்கொள்ளலாம்; தம்மை வெளியேற்றிய விதியை மாற்ற முடியாது. 'அல்ரிமேற்' நிகழ்ச்சியில் தோற்றவர் ஒருவர் ஈற்றில் வென்றார். ஏனையோர் இரண்டாவது முறையும் தோற்றனர் என்பதையும் உடன் வைத்துக் காணல் வேண்டும். அதே வேளை, மீள்வருகையை நாடும் ரசிகர் மனத்தில் நியாயத்துக்கான வேட்கையொன்று உறைகின்றது. அவ்வேட்கை நம் மரபரங்குகளிலும் வேறு வடிவில் இருந்தது. அங்கும் அது பிறப்பின் வேலிக்குள் அடைபட்டே இருந்தது.

எனவே நம்முன் உள்ள பணி இரு வகைப்படும். கொம்புமுறியையும் கூத்தையும் ஆவணப்படுத்தும் அதே அக்கறையோடு, வாவிக்கரைக் கிராமங்களில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் எவ்வாறு பார்க்கப்படுகின்றன, யாருக்காக யார் கண்ணீர் விடுகின்றனர், வெளிநாட்டில் உழைக்கும் தாயும் ஊரிலுள்ள மகளும் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்து எதைப் பேசிக்கொள்கின்றனர் என்பவற்றை நமது பல்கலைக்கழக மாணவர் களஆய்வு செய்தல் வேண்டும். இது முதலாவது. போட்டியிட்டவரும் பார்த்தவரும் சேர்ந்து போட்டியின் விதியையே விவாதித்து மாற்றக்கூடிய அரங்குகளை வளர்த்தல் இரண்டாவது. சீலாமுனை போன்ற முயற்சிகள் சிறியனவாயினும் இத்திசையில் அமைந்தவை.

அடுத்த பருவமும் வரும், அதில் யாரோ ஒருவர் மீண்டும் அக்கதவைத் திறந்து நுழைவார், நாமும் பார்ப்போம். பார்க்கும்போது, அவர் ஏன் வெளியே நின்றார் என்ற கேள்வியையும் நமது மாணவரோடும் அயலாரோடும் கேட்கப் பழகுவோமாயின், இவ்வாய்வு தன் பயனைப் பெற்றதாகும்.